கட்டவிழ்த்து விட்ட வல்லூறு ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி இதுதான்: துபாய், அபுதாபி பக்கம் வல்லூறைப் பழக்கி வேட்டைக்கு விடுகிறார்களே, கட்டை அவிழ்த்ததும் அது ஏன் தன் பாட்டுக்குப் பறந்து போய்விடுவதில்லை? எப்படிப் பழக்குகிறார்கள்? இவ்வளவு வசதி வந்த பிறகும் இதை ஏன் விடவில்லை? நம் ஊரில் செய்யலாமா?

போய்விடுவதும் உண்டு. நன்றாகப் பழகிய பறவையே ஒரு நாள் காற்றோடு போய்த் திரும்பாமல் இருந்துவிடும். அதனால்தான் இப்போது வால் இறகிலோ முதுகிலோ சில கிராம் எடையுள்ள ஜிபிஎஸ் கருவியைக் கட்டித்தான் பெரும்பாலும் பறக்க விடுகிறார்கள்.

நாய் வருவதுபோல் வல்லூறு வராது. நாய் கூட்டமாக வாழ்ந்த இனம்; அதட்டினால் அடங்கும், தட்டிக்கொடுத்தால் குழையும். வல்லூறு தனித்து வேட்டையாடும் பறவை. ஒரு முறை கை ஓங்கிவிட்டால் அந்தக் கையை அது மறுபடி நம்பாது. ஆக, அது திரும்பி வர இரண்டே காரணங்கள்தான். ஒன்று, அதன் பசி சரியான அளவில் இருக்கிறது. இரண்டு, அந்த மனிதரிடம் போனால் நிச்சயம் இரை கிடைக்கும், கெடுதல் வராது என்று நூறு தடவை கண்டிருக்கிறது. பழக்கும் கலை முழுவதும் இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான்.

முதலில் பசியைப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலான புதியவர்கள் தவறுவது இங்கேதான். பழக்குபவரிடம் இருக்கும் மிக முக்கியமான கருவி ஒரு கிராம் வரை காட்டும் தராசு. தினமும் ஒரே நேரத்தில், தீனிப்பை காலியாக இருக்கும்போது எடை பார்த்து, அன்று கொடுத்த இரையின் அளவு, வானிலை, பறவை நடந்துகொண்ட விதம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரு பெண் பொரி வல்லூறு (அரபியில் ஷாஹீன்) வயிறாரச் சாப்பிட்டு 950 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த எடையில் உங்கள் கையில் இருக்கும் கறியை அது திரும்பியும் பார்க்காது. காட்டிலும் வயிறு நிறைந்த வல்லூறு பாறையில் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். இரையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வந்தால், 880 பக்கம் வரும்போது ஒரு நாள் கையைப் பார்த்ததும் உடம்பை ஒடுக்கி, தலையை மேலும் கீழும் ஆட்டித் தூரத்தை அளந்து, பாய்ந்து வரும். அன்றைய எடைதான் அதன் ‘பறக்கும் எடை’. பறவைக்குப் பறவை இது மாறும். பறந்து பறந்து மார்புச் சதை ஏற ஏற, இந்த எடையையும் உயர்த்திக்கொண்டே போக வேண்டும். முதல் மாதத்தில் எழுதிய எண்ணையே பருவம் முழுவதும் பிடித்துக்கொண்டிருப்பவர் தன் பறவையைப் பலவீனமாக்கிவிடுவார்.

தராசோடு விரலும் வேலை செய்ய வேண்டும். மார்பெலும்பின் நடு விளிம்பை இரு விரலால் தடவிப் பார்த்தால், இருபுறமும் சதை உருண்டு இருக்க வேண்டும். கத்திமுனைபோல எலும்பு தட்டினால் எடை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த நிலையில் பறவை ஆவலாக வருவதுபோலத் தெரியும், ஆனால் இரையைத் துரத்தத் தெம்பு இருக்காது. எச்சம் பச்சையாகப் போகும். கண் உருண்டை வடிவம் இழந்து பாதாம்போல் ஒடுங்கும். நல்ல எச்சம் சுண்ணாம்பு வெள்ளையும் நடுவில் கருமையுமாக இருக்கும். குளிர்ந்த இரவில் பறவை அதிக எடை இழக்கும் என்பதால், முன்தினம் மாலையே கூட்டிக் கொடுக்க வேண்டும். 200 கிராம் பக்கமே இருக்கும் மெர்லின் போன்ற குட்டி வல்லூறு இனங்களில் பத்து கிராம் பிசகினால் மறுநாள் காலை பறவை உயிரோடு இல்லாமல் போகலாம். ‘எடை குறைத்தால் வரும்’ என்ற பாதி உண்மையை மட்டும் கேட்டுவிட்டுத் தொடங்குபவர்கள் பறவைகளைக் கொன்றது இப்படித்தான்.

ஒரு பெரிய வல்லூறுக்கு ஒரு நாளுக்கு உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இரை போதும். காடை, ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சு ஆகியவை வழக்கமான தீனி. புறாவைப் புதிதாகக் கொடுத்தால் தொண்டையில் மஞ்சள் படலம் கட்டும் ஒரு கிருமி நோய் தொற்றலாம். உறைய வைத்துக் கொடுப்பது அதற்காக. துப்பாக்கியால் சுட்ட எதையும் தரக் கூடாது, ஈயக் குண்டின் துணுக்கு உள்ளே போனாலே நஞ்சு. எலும்பு நீக்கிய கறியை மட்டும் கொடுத்து வளர்ப்பதும் தவறு. செரிக்காத இறகையும் முடியையும் வல்லூறு மறுநாள் காலை ஒரு உருண்டையாகக் கக்கும். அது வயிற்றைச் சுத்தம் செய்யும் வழி. அந்த உருண்டை வெளியே வரும் முன் அடுத்த வேளை இரை கொடுக்கக் கூடாது.

இனி நம்பிக்கை. வளைகுடாவில் பழக்குபவருக்கு ‘சக்கார்’ என்று பெயர். முன்பு செப்டம்பர், அக்டோபரில் வலசை வரும் இளம் பறவையைக் கடற்கரையில் வலைபோட்டுப் பிடித்து, சில வாரங்களில் பழக்கி, குளிர்காலம் முழுவதும் வேட்டையாடிவிட்டு, வெயில் ஏறும்போது அவிழ்த்து விட்டுவிடுவார்கள். பாலைவனக் கோடையில் அதை வைத்துக் காப்பாற்ற வழியில்லை. இன்று பெரும்பாலும் பண்ணையில் பிறந்த பறவைகள்தான். ஜிர் வல்லூறோடு சேக்கர் வல்லூறையோ பொரி வல்லூறையோ கலந்து உண்டாக்கிய கலப்பினங்கள் நிறைய. சேக்கருக்கு அரபியில் ‘ஹுர்’ என்று பெயர். விடுதலையானது, உயர்ந்த குலத்தது என்று பொருள். வேட்டைக்குப் பெண் பறவையையே அதிகம் விரும்புவார்கள், ஆண் அதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறியது.

புதுப் பறவையின் கணுக்காலில் மெல்லிய தோல்வார் கட்டி, அதைச் சுழலும் வளையத்தோடும் நீண்ட கயிற்றோடும் இணைப்பார்கள். சுழலும் வளையம் இல்லாவிட்டால் பறவை திரும்பத் திரும்ப வார் முறுக்கிக் காலை நெரிக்கும். பறவை உட்காரும் கட்டையில் கயிற்றைக் கட்டும் முடிச்சு ஒற்றைக் கையால் போடும் முடிச்சு. மறு கையில் பறவை உட்கார்ந்திருக்கும் என்பதால் வேறு வழியில்லை. புதியவர் பறவையைத் தொடும் முன் கட்டைவிரலும் இரு விரல்களும் தானாக ஓடும்வரை இந்த முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பழக வேண்டும். கட்டையில் கட்டி வைக்கும்போது போடும் வாரின் நுனியில் ஒரு துளை இருக்கும். பறக்க விடும்போது அதைக் கழற்றிவிட்டுத் துளை இல்லாத வாரை மாட்ட வேண்டும். இதை மறந்தால் மரக்கிளையின் ஒரு சின்னக் குச்சி அந்தத் துளைக்குள் மாட்டி, பறவை தலைகீழாகத் தொங்கி யாரும் பார்க்காமலே செத்துவிடும்.

அடுத்தது புர்கா, அதாவது கண்ணை மூடும் தோல் தொப்பி. வல்லூறுக்குக் கண்தான் உலகம். கண்ணை மறைத்தால் அதற்கு அச்சமே இல்லாமல் போகிறது. கார், கூட்டம், நாய் எதுவும் அதைக் கலக்காது. நல்ல புர்கா கண்ணைத் தொடாது, ஒளிக்கீற்றும் விடாது, அலகு தாராளமாகத் திறக்கும். பின்புறம் உள்ள வார்களில் ஒன்றைப் பல்லாலும் மற்றொன்றைக் கையாலும் பிடித்து இழுத்தால் மூடும், வேறு இரண்டை இழுத்தால் திறக்கும். அந்த அசைவு மெதுவாக, ஒரே சீராக இருக்க வேண்டும். தடுமாறித் தடுமாறிப் போட்டால் பறவை தொப்பியைக் கண்டாலே தலையைத் திருப்பும் பழக்கம் வந்துவிடும், அதை மாற்றுவது பெரும்பாடு. இந்தத் தொப்பியை அரபுகளிடமிருந்து கற்றுக்கொண்டதாக 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் தன் பறவை வேட்டை நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

முதல் சில நாட்கள் பறவையைக் கையில் சுமந்துகொண்டே இருப்பதுதான் வேலை. வளைகுடாவில் மஜ்லிஸ் என்னும் விருந்தினர் கூடத்தில் பேச்சு நடக்கும்போதும், தொலைக்காட்சி ஓடும்போதும், பிள்ளைகள் சுற்றி ஓடும்போதும் அது கையிலேயே இருக்கும். ஐரோப்பியர் தோல் கையுறை போடுவார்கள். அரபுகள் ‘மங்கலா’ என்ற துணி உருளையைக் கையில் மாட்டிக்கொள்வார்கள். மிரண்ட பறவை கையிலிருந்து பாய்ந்து தலைகீழாகத் தொங்கி இறக்கையை அடிக்கும். பதற்றப்படாமல் மார்பில் கைகொடுத்து மேலே ஏற்றிவிட வேண்டும், எத்தனை முறை என்றாலும். முகத்துக்கு நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. நேர்ப்பார்வை அதற்கு வேட்டைக்காரப் பார்வை.

அது முதன்முதலாகத் தலை குனிந்து கையிலுள்ள கறியைக் கொத்தும் நொடிதான் பழக்கத்தின் தொடக்கம். குனிந்தால் எதிரியைப் பார்க்க முடியாது. குனிகிறது என்றால் இந்த இடத்தில் ஆபத்தில்லை என்று தீர்மானித்துவிட்டது. பிறகு ஒற்றைக் காலில் நிற்கும், இறகு முழுவதையும் சிலிர்த்து உதறும், கையிலேயே கோதிக்கொள்ளும். இவை வந்த பிறகே அடுத்த படி. கட்டையிலிருந்து கைக்கு ஒரு தாவல், பிறகு ஒரு மீட்டர், பிறகு நீளக் கயிற்றில் 5, 10, 30, 50 மீட்டர். தூரத்தைக் கூட்டும் நாளில் ஒரே ஒரு தடவை தயங்கினாலும் தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலிக்க வைக்கக் கூடாது. 50 மீட்டரிலிருந்து தொடர்ந்து மூன்று நாள், கூப்பிட்ட நொடியே நேராக வந்தால் கயிற்றை அவிழ்க்கலாம். நான்காம் நாள் எடை 15 கிராம் கூடியிருந்தால், அல்லது காற்று பலமாக இருந்தால், அன்று அவிழ்க்காமல் இருப்பதே புத்தி. முதன்முறை அவிழ்த்த பறவை தொலைந்துபோவது பெரும்பாலும் ‘இன்றைக்கே பார்த்துவிடலாம்’ என்ற அவசரத்தால்தான்.

வானத்தில் தூரம் போன வல்லூறைக் கூப்பிடக் கை போதாது. அதற்குத்தான் ‘தில்வா’: ஹுபாரா என்னும் பாலைவனப் பறவையின் இறக்கைகளைக் கட்டாகச் சேர்த்துக் கயிற்றில் கட்டிய போலி இரை. அதைச் சுழற்றிக் குரல் கொடுத்தால் அரை மைல் தூரத்திலிருந்தும் பறவை மடங்கி வரும். தில்வாவைப் பிடித்ததும் அதில் கட்டிய கறியை உண்ண விட வேண்டும். சும்மா ஏமாற்றிப் பறித்துக்கொண்டால் இரண்டு மூன்று தடவையில் வருவதை நிறுத்திவிடும்.

நிஜ வேட்டையில் இன்னும் கவனம் வேண்டும். வல்லூறு இரையை வீழ்த்திக் கழுத்தைக் கடித்து முறிக்கும். மேல் அலகின் ஓரத்தில் அதற்கென்றே ஒரு பல் போன்ற கூர் உண்டு. பழக்குபவர் ஓடிப் போய் இரையைப் பிடுங்கக் கூடாது. பக்கவாட்டில் மெதுவாக மண்டியிட்டு அணுகி, கையில் நல்ல கறித்துண்டைக் காட்டி, பறவை தானாகவே கைக்கு மாறும்போது இரையை இன்னொரு கையால் மறைத்துப் பைக்குள் போட வேண்டும். தன் இரை திருடப்பட்டதாகப் பறவைக்குத் தோன்றவே கூடாது. பறித்துப் பழகியவரின் பறவை, அவர் நெருங்கும்போதே இறக்கையை விரித்து இரையை மூடிச் சீறும். இன்னும் மோசமானால் இரையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடும். அந்தக் கெட்ட பழக்கத்துக்கு முழுப் பொறுப்பும் மனிதருடையதே.

வேட்டை முறைகள் நாட்டுக்கு நாடு வேறு. அரபு முறையில் தொப்பியைக் கழற்றிக் கையிலிருந்தே விடுவார்கள். சேக்கர் ஹுபாராவைக் கிலோமீட்டர் கணக்கில் துரத்தும். ஹுபாரா பசை போன்ற எச்சத்தைப் பீய்ச்சி வல்லூறின் இறகை ஒட்ட வைத்துத் தப்பும், அனுபவமில்லாத பறவை அதில் வசமாக மாட்டிக்கொள்ளும். பிரிட்டனில் பொரி வல்லூறு நாய்க்கு மேலே வட்டமிட்டு உயரத்தில் காத்திருந்து, நாய் கிளப்பும் இரைப் பறவை எழுந்ததும் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுத்துச் செங்குத்தாகப் பாயும். மங்கோலியாவின் மேற்கே பயன்-உல்கீயில் கசாக்கியர் பொன்னிறக் கழுகைக் குதிரையில் ஏந்திக்கொண்டு நரி வேட்டைக்குப் போகிறார்கள். நான்கைந்து கிலோ எடையைக் கை நாள் முழுவதும் தாங்காது என்பதால், ‘பால்டக்’ என்ற கவை மரத்தைச் சேணத்தில் ஊன்றிக் கையை அதன் மேல் வைத்துக்கொள்வார்கள்.

இறகைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சிறகுக்குப் பத்து முதன்மை இறகு, வாலில் பன்னிரண்டு. இறகு வளரும் பருவத்தில் பறவை பட்டினி கிடந்தால், வால் முழுவதும் ஒரே நேர்கோட்டில் ஒரு மெல்லிய வெட்டு விழும்; பின்னால் அந்தக் கோட்டிலேயே இறகுகள் ஒடியும். ஒரு இறகு ஒடிந்தால் பக்கத்து இறகுக்குத் தாங்கல் போய் அதுவும் ஒடியும். அதனால் உதிர்ந்த இறகை யாரும் எறிவதில்லை, வலம் இடம் வரிசை எண் எழுதிப் பத்திரப்படுத்துவார்கள். ஒடிந்த இறகின் தண்டைச் சுத்தமாக வெட்டி, அதே இடத்துக்குரிய பழைய இறகை அதே நீளத்துக்கு வெட்டி, இரண்டின் உட்குழிவிலும் சீவிய மூங்கில் ஊசியைப் பசையோடு செருகிச் சேர்ப்பார்கள். கோணம் ஒரு மயிரிழை மாறினாலும் இறக்கை சரியாக மடங்காது. ஒழுங்காகச் செய்தால் அடுத்த இறகு உதிர்வு வரை தாங்கும்.

நோயில் இரண்டைச் சொன்னால் போதும். வழுவழுப்பான, கடினமான கட்டையில் நாள் முழுவதும் உட்கார வைத்தால் உள்ளங்காலில் புண் வந்து புரையோடும். கட்டையில் செயற்கைப் புல்விரிப்பு ஒட்டுவது இதற்காகத்தான். மற்றொன்று நுரையீரலில் வளரும் பூஞ்சை. துருவப் பகுதியிலிருந்து வந்த ஜிர் வல்லூறுக்கு வெக்கையிலும் ஈரப்புழுக்கத்திலும் இது எளிதில் வரும், வெளியே தெரியும்போது முற்றியிருக்கும். 1999-இல் திறக்கப்பட்ட அபுதாபி வல்லூறு மருத்துவமனையில் பறவையை மயக்கி, உள்ளே கேமரா விட்டுப் பார்த்து, நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறார்கள்.

ஏன் இன்னும் விடவில்லை என்ற கேள்விக்கு, பயன் என்று பார்த்தால் பதில் கிடைக்காது. ஒரு காலத்தில் பாலைவன நாடோடிகளான பதூவின் மக்களுக்குக் குளிர்காலத்தில் பேரீச்சை, பால் தாண்டிக் கறி கிடைக்க இது ஒரு வழி. அந்தத் தேவை போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. இருந்தும் மக்கள் அதிகாலையில் பாலைவனத்துக்குப் போகிறார்கள். என் பார்வையில் காரணம் ஒன்றுதான்: கயிற்றை அவிழ்த்த பின் அந்தப் பறவை யாருடையதும் இல்லை. அது போகலாம். ஒவ்வொரு நாளும் போகாமல் இருக்க அது எடுக்கும் முடிவை, பல மாத உழைப்பால் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஈர்ப்பு பேரரசர்களையும் விட்டு வைக்கவில்லை. 1248 பிப்ரவரியில் இரண்டாம் பிரெடரிக் இத்தாலியின் பார்மா நகரை முற்றுகையிட்டிருந்தபோது, அவர் வேட்டைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நகரத்தார் வெளியே வந்து அவருடைய பாசறையையே சூறையாடினார்கள்.

இந்தக் கலை பறவைகளுக்குத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. டிடிடி பூச்சிமருந்தால் பொரி வல்லூறின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தது. 1960-களின் நடுவில் அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் கூடு கட்டும் ஜோடியே இல்லை. அங்கே டிடிடி தடை வந்தது 1972-இல். அதற்குள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் என்ற விஞ்ஞானி, தானும் வல்லூறு பழக்குபவர், கூண்டில் இனப்பெருக்கம் தொடங்கிவிட்டார். குஞ்சுகளைப் பாறை உச்சியில் ஒரு பெட்டியில் வைத்து, மனிதர் முகம் தெரியாமல் இரை போட்டு, தானாக வேட்டையாடக் கற்கும்வரை பார்த்துக்கொள்வது பழைய வல்லூறுக்காரர்களின் உத்தி. அந்த உத்தியால் வட அமெரிக்காவில் 4,000-க்கும் மேற்பட்ட பறவைகள் விடப்பட்டன. 1999-இல் அந்த நாட்டின் அழியும் இனப் பட்டியலிலிருந்து பொரி வல்லூறு நீக்கப்பட்டது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. கண்மூடித்தனமாகப் பிடித்து விற்றதும் சேக்கர் குறையக் காரணங்களில் ஒன்று. மின்கம்பத்தில் மின்சாரம் பாய்ந்து சாவது இன்னொன்று. ஹுபாராவும் வேட்டையால் அருகியது. ஐக்கிய அரபு அமீரகம் 2002 முதல் ஒவ்வொரு வல்லூறுக்கும் கால் வளைய எண்ணோடு பாஸ்போர்ட் கொடுக்கிறது. அந்த நாட்டின் முதல் அதிபர் ஷேக் சாயித் பெயரிலான திட்டம் 1995 முதல் வேட்டைப் பருவம் முடிந்த பறவைகளைக் காட்டுக்குத் திருப்பி விடுகிறது. ஹுபாராவைப் பண்ணையில் பெருக்கி விடுகிறார்கள். 2010-இல் யுனெஸ்கோ வல்லூறு பழக்கும் கலையைப் பண்பாட்டு மரபாக ஏற்றது. இவ்வளவும் நல்லதுதான். ஆனாலும் காட்டில் பிடித்த பறவைக்குக் கள்ளச்சந்தை இருக்கும்வரை கவலை தீராது.

நம் ஊருக்கு வருவோம். முகலாயர், ராஜபுத்திரர் காலத்தில் வட இந்தியாவில் இது செழித்தது. பஞ்சாபின் மாநிலப் பறவை இன்றும் ‘பாஸ்’ என்ற வேட்டைப் பறவைதான். ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டு வேட்டைப் பறவைகளைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஆகவே இங்கே செய்ய முடியாது. முறையாகக் கற்க விரும்புபவர், அனுமதி உள்ள நாட்டில் ஒரு மூத்தவரிடம் சேர வேண்டும். அமெரிக்காவில் எழுத்துத் தேர்வும், கூண்டுச் சோதனையும், குறைந்தது இரண்டு ஆண்டு பயிற்சிக் காலமும் கட்டாயம்.

இங்கே உங்கள் கைக்கு ஒரு வேட்டைப் பறவை வரக்கூடிய தருணம் ஒன்று உண்டு: மாஞ்சா நூலில் அறுபட்டோ, கண்ணாடி ஜன்னலில் மோதியோ ஒரு வைரி மாடியில் விழுந்து கிடக்கும்போது. அப்போது மேலே சொன்னதே உதவும். ஒரு துண்டைத் தலையோடு மூடிப் போடுங்கள், கண் மறைந்ததும் அடங்கிவிடும். அலகைவிடக் கால் நகமே ஆபத்து, அதனால் இரு கால்களையும் சேர்த்துப் பிடியுங்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில், அடியில் பழைய துணி விரித்து, இருட்டில் வையுங்கள். பால், சோறு, வாயில் தண்ணீர் எதுவும் வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்காமல் வனத்துறையைக் கூப்பிடுங்கள். அடிபடாமல், இறகு முளைத்துத் தத்தித் தத்தித் திரியும் குஞ்சு என்றால் தொடவே வேண்டாம், தாய் பக்கத்து மரத்தில் இருக்கும்.